இருக்கிற ஸ்லைஸிலேயே ஏற்றுவதா, புதிதாகக் கட்டுவதா?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை நானே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் மூன்று சர்வரில் ஓனாப் (நெட்வொர்க்கைத் தானாகக் கட்டி நடத்துகிற திறந்த மென்பொருள்) நிறுவி, 5ஜி ஸ்லைஸ் (ஒரே நெட்வொர்க்கில் ஒரு வகைத் தேவைக்கென்று பிரித்துக் கொடுக்கிற பங்கு) ஆர்டர் போட்டுப் பார்க்கிறீர்கள். ஆர்டரில் ‘பகிரலாம்’ என்று தேர்வு செய்தும் ஒவ்வொரு தடவையும் புது இன்ஸ்டன்ஸ்தான், அதாவது நிஜமாகக் கட்டி ஓடவிட்ட இன்னொரு ஸ்லைஸ்தான், முளைக்கிறது. ஆறாவது ஆர்டரில் சர்வர் மூச்சு வாங்குகிறது. “எப்போது பழையதையே கொடுக்கும், எப்போது புதிதாகக் கட்டும்? அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது?” என்று கேட்கிறீர்கள்.

எழுதித்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. மொபைல் நெட்வொர்க் தரங்களை வகுக்கிற 3ஜிபிபி-யின் டிஎஸ் 28.531 ஆவணத்தில் ஸ்லைஸ் ஒதுக்கீடு பற்றிய பகுதியைத் திறந்தால் சாரம் இவ்வளவுதான்: வந்த தேவை பகிர்வுக்கு இடம் கொடுத்து, பொருத்தமான இன்ஸ்டன்ஸ் ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்தலாம்; இல்லாவிட்டால் புதிதாக உருவாக்க வேண்டும். ‘பொருத்தமான’ என்றால் என்ன என்று கேட்டால் ஆவணம் வாயைத் திறக்காது. அதை ஆர்க்கெஸ்ட்ரேட்டர் (ஓனாப் மாதிரியான ஒருங்கிணைப்பு மென்பொருள்) எழுதுகிறவன் தலையில் கட்டிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்குள்தான் என்னை மாதிரி ஆட்களின் சோறு இருக்கிறது.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். தினமும் வேலந்தாவளம் தாண்டிக் கோயமுத்தூருக்கு இதே வேலைக்குப் போய் வருகிறவன். அதனால் உதாரணங்கள் எல்லாம் நம்ம பக்கத்திலிருந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். ‘ஸ்லைஸ் செலக்‌ஷன்’ என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி வேறொரு விஷயம். போனை ஆன் செய்ததும் அது நெட்வொர்க்கில் பதிகிறது. அப்போது அது கேட்கும் எஸ்-நெசாய் என்கிற ஸ்லைஸ் அடையாள எண்ணைப் பார்த்து, போன் பதிவைக் கவனிக்கிற ஏஎம்எஃப், தேவைப்பட்டால் ஸ்லைஸ் தேர்வுக்கென்றே இருக்கிற என்எஸ்எஸ்எஃப்-ஐயும் கேட்டுக்கொண்டு, எந்த ஸ்லைஸ் என்று முடிவு செய்கிறது. அது டிஎஸ் 23.501 பேசும் தேர்வு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஸ்லைஸ்களுக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிவது. நீங்கள் கேட்பது அதற்கு ரொம்ப முந்தைய கட்டம்: வாடிக்கையாளரின் ஆர்டர் வந்த உடனே, ஒரு போன்கூட இணையாத நேரத்தில், மேலாண்மைப் பக்கத்தில், முழு ஸ்லைஸையும் நிர்வகிக்கிற என்எஸ்எம்எஃப் எடுக்கிற முடிவு. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டியில் ஏறுவது என்று பயணி பார்ப்பது ஒன்று. இந்த ரூட்டுக்கு இன்னொரு வண்டி விடுவதா, ஓடுகிற வண்டியிலேயே “கேறிக்கோ, கேறிக்கோ” என்று ஏற்றிவிடுவதா என்று டெப்போவில் உட்கார்ந்து யோசிப்பது இன்னொன்று. நாம் டெப்போவில் இருக்கிறோம்.

அடுத்தது, ‘இன்ஸ்டன்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்கிறோமே, அது ஒற்றைப் பொருள் இல்லை. வாடிக்கையாளர் தன் பாஷையில் கேட்பதை, வாடிக்கையாளர் பக்கத்தைக் கவனிக்கிற சிஎஸ்எம்எஃப் வாங்கி, சர்வீஸ் ப்ரொஃபைலாக (தேவைகளின் பட்டியலாக) மாற்றி என்எஸ்எம்எஃப்-இடம் கொடுக்கும். அது ரேடியோ (டவர் பக்கம்), டிரான்ஸ்போர்ட் (நடுவில் ஓடுகிற இணைப்பு), கோர் (நெட்வொர்க்கின் மையம்) என்று சப்நெட்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைஸ் ப்ரொஃபைல் தயாரித்து, அந்தந்தச் சப்நெட்டை நிர்வகிக்கிற என்எஸ்எஸ்எம்எஃப்-இடம் தள்ளும். ஆக முழு ஸ்லைஸ் இன்ஸ்டன்ஸ் என்பது, சப்நெட் இன்ஸ்டன்ஸ்கள் சிலவற்றைச் சேர்த்துக் கட்டிய கட்டு. பகிர்வு இந்த இரண்டு மட்டத்திலும் நடக்கலாம். முழுக் கட்டையும் இருவருக்குக் கொடுக்கலாம். அல்லது ரேடியோ சப்நெட்டை மட்டும் பொதுவாக வைத்துக் கோரைத் தனியாகக் கட்டலாம். ‘பழையதா, புதியதா’ என்ற கேள்விக்கு நிஜ வாழ்க்கையில் வருகிற பதில் பெரும்பாலும் ‘பாதி பழையது, பாதி புதியது’ என்பதுதான். ஒரு போன் எத்தனை ஸ்லைஸில் இருந்தாலும் அதற்குச் சேவை தருகிற ஏஎம்எஃப் ஒன்றே என்பதால், கோரிலும்கூட அந்தத் துண்டு இயல்பாகவே பொதுவாகத்தான் இருக்கும். தனியாகக் கட்டுவது என்றால் பெரும்பாலும் செஷனை (போனின் தரவு இணைப்பை) நிர்வகிக்கிற எஸ்எம்எஃப்-உம், தரவைக் கடத்துகிற யுபிஎஃப்-உம் தான்.

ஓனாப்பில் இந்த ஏற்பாடு 2020-இன் ஃப்ராங்ஃபர்ட் வெளியீட்டில் வந்தது. அதில் எஸ்ஓ என்ற பகுதியின் ஒர்க்ஃப்ளோ (வேலைகளின் படிவரிசை) ஆர்டரை நடத்தும். தேர்வு செய்கிற பகுதியான ஓஓஎஃப்-இடம் ‘எதைக் கொடுக்கலாம்’ என்று கேட்கும். ஏ அண்ட் ஏஐ-தான் எல்லாவற்றுக்கும் பதிவேடு. ஓஓஎஃப் இரண்டில் ஒரு மாதிரி பதில் சொல்லும்: ‘இந்தப் பழைய இன்ஸ்டன்ஸைப் பகிர்ந்துகொள்’ அல்லது ‘இந்த ஸ்லைஸ் ப்ரொஃபைல்களை வைத்துப் புதிதாகக் கட்டு’. அந்தப் பதிலை ஒரு மனிதர் போர்ட்டலில் பார்த்து மாற்றுவதற்கும் ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். ஆட்டோமேஷன் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இடத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். ஏன் என்று பின்னால் ஒரு கதையில் வரும்.

இப்போது தேர்வு. இதைப் ‘பல இன்ஸ்டன்ஸ்களில் சிறந்ததைப் பொறுக்குவது’ என்று நினைத்துத்தான் மாணவர்கள் நேராக ஆப்டிமைசேஷன் ஃபார்முலாவுக்குப் போகிறார்கள். நடைமுறையில் முக்கால்வாசி வேலை ஆகாததைத் தள்ளுவதுதான். தள்ளித் தள்ளிப் பார்த்தால் மிச்சம் ஒன்றோ இரண்டோ இருக்கும்; பல நேரம் ஒன்றும் இருக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொள்கிறவை. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு ஆலை, கேமராக்களுக்காக ஒரு ஸ்லைஸ் வாங்கியிருக்கிறது. எஸ்எஸ்டி (ஸ்லைஸ் வகை எண்) 1, தாமதம் 20 மில்லிசெகண்டுக்குள், 600 சாதனம், அப்லிங்க் மொத்தம் 250 எம்பிபிஎஸ். கருவிகள் நகராதவை. டிராக்கிங் ஏரியா (சில டவர்களைச் சேர்த்த பகுதி) இரண்டு, கஞ்சிக்கோடும் வாளையாரும். கட்டும்போது கொஞ்சம் தாராளமாக 1,000 சாதனத்துக்கும் 400 எம்பிபிஎஸ்ஸுக்கும் கட்டிவிட்டார்கள்.

இரண்டாவது ஆர்டர் ஒரு பால் கம்பெனியிடமிருந்து வருகிறது. மீனாட்சிபுரம் வழியாக வருகிற டேங்கர்களில் வெப்பநிலை சென்சார். 250 சாதனம், 20 எம்பிபிஎஸ், தாமதம் 100 மில்லிசெகண்ட் வரை பரவாயில்லை. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். வாளையாரும் வேண்டும், மீனாட்சிபுரமும் வேண்டும். ஏற்றலாமா? 600-உம் 250-உம் சேர்ந்தால் 850, ஆயிரத்துக்குள். 270 எம்பிபிஎஸ், நானூறுக்குள். 100 மில்லிசெகண்ட் கேட்டவருக்கு 20 கிடைத்தால் அவர் என்ன வேண்டாம் என்றா சொல்வார்? இதுவரை சரி. ஆனால் மீனாட்சிபுரம் கவரேஜில் இல்லை, நகர்கிற சாதனத்துக்காக இந்த ஸ்லைஸ் கட்டப்படவும் இல்லை. நுனிப்புல் மேய்கிற நிரல் இங்கே ‘பொருந்தாது’ என்று தள்ளிவிடும். அது தப்பு. இந்த இரண்டும் மாற்றக்கூடியவை. ரேடியோ சப்நெட்டில் ஒரு டிராக்கிங் ஏரியாவைச் சேர்த்து, ப்ரொஃபைலைத் திருத்தினால் போதும். ஆக ‘அப்படியே பொருந்துகிறது’, ‘திருத்தினால் பொருந்தும்’, ‘பொருந்தவே பொருந்தாது’ என்று மூன்று கூடை வேண்டும். ஆய்வக நிரல்களில் இரண்டு கூடைதான் இருக்கும். அதுவும் பல நேரம் சமமா என்று பார்க்கும், போதுமா என்று பார்க்காது. தாமதம் 20-உம் 100-உம் ஒன்றில்லை, எனவே வேறு ஸ்லைஸ் கட்டு என்று போய்விடும். உங்கள் ஆய்வகத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது ஆர்டர். கஞ்சிக்கோட்டிலேயே இன்னொரு ஆலை, 300 சாதனம், 180 எம்பிபிஎஸ், 15 மில்லிசெகண்ட். 850-உடன் 300 சேர்ந்தால் 1,150, கொள்ளளவு தாண்டுகிறது. 270-உடன் 180 சேர்ந்தால் 450, அதுவும் தாண்டுகிறது. இதற்குப் பரிகாரம் உண்டு, அளவைக் கூட்டலாம். 15 மில்லிசெகண்ட் தான் சிக்கல். இந்த இடத்தில் எல்லோரும் ‘யுபிஎஃப்-ஐப் பக்கத்தில் கொண்டுவந்து வை’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். நிறுத்தி, கணக்குப் போட வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நூறு கிலோமீட்டருக்குச் சுமார் அரை மில்லிசெகண்ட் எடுக்கும். யுபிஎஃப் சென்னையில் இருந்து, இழை 550 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், போக வர ஐந்தரை மில்லிசெகண்ட். அதைப் பாலக்காட்டுக்குக் கொண்டுவந்தால் 20 என்பது பதினாலரை ஆகும், தப்பித்தோம். ஆனால் யுபிஎஃப் ஏற்கெனவே கொச்சியில் இருந்தால்? 150 கிலோமீட்டர், போக வர ஒன்றரைதான். பதினெட்டரையில் நிற்கும். செலவு செய்து புதுக் கோர் கட்டியும் பிரயோஜனமில்லை. மிச்சத்தை ரேடியோவில் தேட வேண்டும். ஆகவே, ஒவ்வொரு சப்நெட்டும் மொத்தத் தாமதத்தில் எவ்வளவைத் தின்கிறது என்ற பிரிவினை பதிவேட்டில் இருந்தாக வேண்டும். ‘மொத்தம் 20’ என்று ஒற்றை எண்ணை மட்டும் வைத்திருக்கிற இன்வென்டரியை வைத்துக்கொண்டு இந்த மூன்றாவது ஆர்டருக்கு நேர்மையான பதில் சொல்ல முடியாது.

சென்னை உதாரணத்தில் வரும் முடிவைக் கவனியுங்கள். முழு இன்ஸ்டன்ஸ் ஆகாது, புதிது கட்ட வேண்டும். ஆனால் ஏஎம்எஃப் பழையது, ரேடியோ தளமும் அதே டவர்கள். புதிதாக வருவது ஒரு யுபிஎஃப், ஒரு எஸ்எம்எஃப், ரேடியோவில் ஒரு புதுப் பங்கு. ‘பாதி பழையது’ என்று மேலே சொன்னது இதைத்தான்.

ரேடியோவில் பங்கு என்றேனே, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டவரை யாரும் துண்டு போடுவதில்லை. டிஎஸ் 28.541-இல் ஆர்ஆர்எம் பாலிசி (ரேடியோ வளத்தைப் பங்கிடுகிற விதி) என்று மூன்று விகிதம் இருக்கிறது: டெடிகேட்டட், மினிமம், மேக்ஸிமம். டெடிகேட்டட் என்றால் நான் பயன்படுத்தாவிட்டாலும் அடுத்தவன் தொடக் கூடாது. மினிமம் என்றால் எனக்குத் தேவைப்படும்போது இது உறுதி, நான் சும்மா இருக்கும்போது நீ எடுத்துக்கொள். மேக்ஸிமம் என்றால் இதற்கு மேல் எனக்கும் கிடையாது. எல்லோருடைய மினிமத்தையும் கூட்டினால் நூறைத் தாண்டக் கூடாது, மேக்ஸிமம் தாண்டலாம்.

நம்ம ஊரில் இதைப் புரியவைக்க எனக்கு வேறு உதாரணமே தேவைப்பட்டதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி என்று எழுதியிருக்கிறது, மணக்கடவு அணையில் அளந்து கொடுக்க வேண்டும். 1970-இல் கையெழுத்தானது. அந்த 7.25 ஒரு மினிமம். எங்கே அளப்பது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஸ்லைஸ் ஒப்பந்தத்தில் ‘250 எம்பிபிஎஸ்’ என்று போட்டுவிட்டு, எந்த இடத்தில், எத்தனை நிமிடச் சராசரியில் அளப்பது என்று போடாமல் விட்டால், பின்னால் வருகிற சண்டைக்கு முடிவே இருக்காது. அந்தத் தண்ணீருக்கு இன்றைக்கும் வருடா வருடம் குரல் உயர்கிறது, அது வேறு கதை.

பகிர்வு விகிதத்தோடு சம்பந்தப்பட்டது ஓவர்புக்கிங். ஒரே ஸ்லைஸில் நாலு வாடிக்கையாளர், எல்லோரும் ஒரே நேரத்தில் முழு அளவைக் கேட்க மாட்டார்கள் என்று நம்பி, வாக்குக் கொடுத்ததின் கூட்டலைக் கொள்ளளவுக்கு மேலே போகவிடுவது. நான் செய்திருக்கிறேன், ஆலைக் கேமராவையும் பால் டேங்கரையும் சேர்த்து ஓவர்புக் செய்யத் தயங்க மாட்டேன். ஆனால் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் விழிக்கிறவர்களைச் சேர்க்கக் கூடாது. கல்பாத்தித் தேர் நாளில் போலீஸ் கேமரா, டிவிக்காரரின் நேரலை, ஆம்புலன்ஸ் மூன்றும் ஒரே மணியில் உச்சத்துக்கு வரும். மாதச் சராசரியை வைத்து அந்த மூன்றையும் ஒரே ஸ்லைஸில் போட்டவர் மற்ற நாளெல்லாம் கெட்டிக்காரராகத் தெரிவார்.

தள்ளிய பிறகு மிச்சமிருப்பவற்றில் எதை எடுப்பது? ‘இறுக்கமாகப் பொருந்துவதை எடு’ என்பது ஒரு கட்சி, ‘அதிகம் காலியாக இருப்பதை எடு’ என்பது இன்னொரு கட்சி. இறுக்கமாக அடைத்தால் வளம் மிச்சம், ஆனால் வாடிக்கையாளர் அடுத்த மாதம் ஐம்பது சாதனம் கூட்டிக் கேட்டால் இடம் இருக்காது. இருப்பதை வேறிடத்துக்கு மாற்றுவது ஓடுகிற பஸ்ஸில் டயர் மாற்றுகிற வேலை. என் பழக்கம், எண்பது சதவீதம் நிரம்பியதைத் தொடுவதில்லை, அதற்குக் கீழே இருப்பவற்றில் இறுக்கமானதை எடுப்பேன். இது என் அனுபவத்தில் வந்த எண், எந்த ஆவணத்திலும் இல்லை. பேராசிரியர் கேட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

நம்ம பக்கத்துக்கே உரிய ஒன்று: எல்லை. வேலந்தாவளத்தில் டீக்கடை பெஞ்சில் இந்த முனையில் உட்கார்ந்தால் போன் ஒரு மாநிலத்து டவர், அந்த முனைக்கு நகர்ந்தால் இன்னொன்று. ரேடியோ அலைக்குச் செக்போஸ்ட் கிடையாது. ஆனால் உரிமத்துக்கு உண்டு. இந்தியாவில் தொலைத்தொடர்பு உரிமம் 22 வட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. வாளையாருக்கு இந்தப் பக்கம் கேரள வட்டம், அந்தப் பக்கம் தமிழ்நாடு வட்டம். ஒரே கம்பெனியாக இருந்தாலும் வட்டத்துக்கு வட்டம் நெட்வொர்க் அடையாளமான பிஎல்எம்என் எண் மாறும். அந்தப் பால் டேங்கர் பொள்ளாச்சியிலிருந்தே வருகிறது, அங்கிருந்தே வெப்பநிலை தெரிய வேண்டும் என்று ஆர்டர் சொன்னால், சர்வீஸ் ப்ரொஃபைலின் பிஎல்எம்என் பட்டியலில் இரண்டு எண் வர வேண்டும். இருக்கிற இன்ஸ்டன்ஸ் ஒரு வட்டத்துக்கு மட்டும் கட்டியது என்றால், ‘டிராக்கிங் ஏரியா சேர்த்தால் போதும்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. இரண்டு இன்ஸ்டன்ஸ், இரண்டிலும் ஒரே எஸ்-நெசாய் என்று போவது சுத்தமான வழி. ஒரு எஸ்-நெசாய்க்கு வெவ்வேறு பகுதியில் வெவ்வேறு இன்ஸ்டன்ஸ் இருக்கலாம் என்று 23.501 அனுமதிக்கிறது. கொச்சியிலோ சென்னையிலோ உட்கார்ந்து மாதிரி ஆர்டர் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படவே படாது.

எஸ்-நெசாய் என்றதும் இன்னொன்று. இன்ஸ்டன்ஸைப் பகிர்வதும் எஸ்-நெசாயைப் பகிர்வதும் ஒன்றல்ல. ஒரே இன்ஸ்டன்ஸ் இரண்டு எஸ்-நெசாய்க்குச் சேவை செய்யலாம். என் யோசனை: இன்ஸ்டன்ஸைத் தாராளமாகப் பகிருங்கள், எஸ்-நெசாயை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக வையுங்கள். 3ஜிபிபி-யின் 17-ஆம் வெளியீட்டில் வந்த என்எஸ்ஏசிஎஃப், ஒரு ஸ்லைஸில் எத்தனை சாதனம், எத்தனை செஷன் என்று எண்ணி வாசலில் நிறுத்துகிறது. அது எண்ணுவது எஸ்-நெசாய் வாரியாக. ஆலையும் பால் கம்பெனியும் ஒரே எண்ணில் இருந்தால், ஆலைக்காரர் சத்தமில்லாமல் 250 கேமரா கூட்டிக்கொண்டால் பால் டேங்கர் வாசலில் நிற்கும். எண்ணுக்குப் பஞ்சமும் இல்லை, அதன் பின்பகுதியான எஸ்டி 24 பிட், ஒன்றரைக் கோடிக்கு மேல் மதிப்புகள். ஒரே போனுக்கு ஒரு நேரத்தில் எட்டு எஸ்-நெசாய் வரைதான் அனுமதி என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது சந்தேக நபர். ஆர்டருக்கு ஒரு புது எஸ்-நெசாயை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, அந்த எண்ணை வைத்தே பழைய இன்ஸ்டன்ஸைத் தேடுகிற மாதிரி ஒர்க்ஃப்ளோ எழுதியிருந்தால், உலகம் முடியும்வரை ஒன்றும் கிடைக்காது. தேடல் தேவைகளை வைத்து நடக்க வேண்டும், எண் அதற்கப்புறம் ஒட்டப்பட வேண்டும்.

சரி, அந்தக் கதை. சில வருடம் முன்பு ஒரு ஆபரேட்டருக்காக வேலை செய்துகொண்டிருந்தோம், யார் என்பது வேண்டாம். ஒரு இன்ஸ்டன்ஸில் இரண்டு வாடிக்கையாளர். முதலாமவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். விதிப்படி என்ன? வேறு யாராவது அதைப் பயன்படுத்தினால், விலகுகிறவரின் பங்கை மட்டும் கழித்து இன்ஸ்டன்ஸைத் திருத்த வேண்டும். யாருமில்லை என்றால் மொத்தமாகக் கலைக்கலாம். ஒர்க்ஃப்ளோ பதிவேட்டைக் கேட்டது, ‘இதில் வேறு யார்?’ பதிவேடு ‘யாருமில்லை’ என்றது. ராத்திரி ஒன்றரை மணிக்குக் கோர் சப்நெட் கலைந்தது. பத்து நிமிடத்தில் இரண்டாமவரின் சாதனங்கள் வரிசையாக விழுந்தன.

காலையில் தோண்டினோம். பல மாதம் முன்பு இரண்டாமவரைச் சேர்த்த ஒர்க்ஃப்ளோ, கடைசிக்கு முந்தைய படியில் டைம்அவுட் ஆகி நின்றிருக்கிறது. சேவை வேலை செய்கிறதே என்று யாரோ ஒருவர் ஆர்டரைக் கையால் ‘முடிந்தது’ என்று மாற்றிவிட்டார். நடக்காமல்போன அந்தக் கடைசிப் படிதான் சர்வீஸ் ப்ரொஃபைலையும் இன்ஸ்டன்ஸையும் பதிவேட்டில் இணைக்கிற படி. நெட்வொர்க்கில் இரண்டு பேர் இருந்தார்கள், புத்தகத்தில் ஒருவர்தான். ‘யாருமில்லை’ என்று பதிவேடு சொன்னதில் பொய்யே இல்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவு. போர்ட்டலில் ஒரு மனிதர் அந்தக் கலைப்பு முடிவைப் பார்த்திருந்தால், ‘யாருமில்லாத ஸ்லைஸில் ஏன் டிராஃபிக் ஓடுகிறது’ என்று கேட்டிருப்பார். அந்தப் படியை வேகத்துக்காக நாங்கள்தான் எடுத்திருந்தோம்.

அதற்கப்புறம் மூன்று விஷயத்தை மாற்றினோம். பதிவேட்டில் இணைப்பை எழுதுவது முதல் படியாகப் போனது. கான்ஃபிகரேஷன் தோற்றால் அழித்துக்கொள்ளலாம், ஆனால் எழுதாமல் எதையும் தொடுவதில்லை. கலைப்பதற்கு முன்னால் புத்தகத்தை மட்டும் கேட்காமல், எஸ்எம்எஃப்-இல் உயிரோடு எத்தனை செஷன் என்று நெட்வொர்க்கையும் கேட்பது. இரண்டும் சரி என்றாலும் முதலில் முடக்கி, ஒரு நாள் ஆறவிட்டு, மறுநாள்தான் கலைப்பது. ஓனாப்பிலும் பின்னால் வந்த வெளியீடுகளில், கலைக்கலாமா வேண்டாமா என்று ஓஓஎஃப்-இடம் தனியாகக் கேட்கிற படி சேர்ந்தது.

ஆகவே ஏற்றுகிற நாளில் இறக்குகிற நாளையும் எழுதிவிட வேண்டும். யார் என்ன கேட்டு உள்ளே வந்தார், அவருக்காக எதைக் கூட்டினோம் என்பது வாடிக்கையாளர் வாரியாக இருக்க வேண்டும். பால் கம்பெனிக்காக மீனாட்சிபுரத்தைச் சேர்த்தோம் அல்லவா? அவர்கள் போகும்போது மீனாட்சிபுரமும் போக வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. பகிர்ந்த ஸ்லைஸ் ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடுமையான நிபந்தனையையும் உள்வாங்கிக்கொண்டே போகும். 10 மில்லிசெகண்ட் கேட்டவர் போய் இரண்டு வருடமான பிறகும் அது 10 மில்லிசெகண்டுக்கே ஓடிக்கொண்டிருக்கும். அப்போது புதிதாக வருகிற சாதாரண ஆர்டருக்கு ‘இது விலையுயர்ந்த ஸ்லைஸ், தராதே’ என்று ஸ்கோரிங் தள்ளிவிடும், இன்னொன்றைக் கட்டும். நீங்கள் கேட்ட ‘எப்போதும் புதிதே வருகிறது’ நோய் உண்மையான நெட்வொர்க்கில் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஒரே நேரத்தில் இரண்டு ஆர்டர் வந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்து வையுங்கள். இரண்டும் ‘150 இடம் காலி’ என்று பார்க்கும், இரண்டும் 100 கேட்கும், இரண்டும் ஏறும். தேர்வு முடிந்த கையோடு இடத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கிற ரிசர்வேஷன் இல்லாத ஆர்க்கெஸ்ட்ரேட்டர் டெமோவில் மட்டும் ஜெயிக்கும். சாத்தியமா என்று சோதிப்பதும் வளத்தைப் பிடித்துவைப்பதும் 28.531-இலேயே பேசப்படுகிறது, படித்துவிடுங்கள்.

இனி உங்கள் மூன்று சர்வருக்கு வருவோம். ‘பகிரலாம்’ என்று புது ஆர்டரில் போட்டீர்கள், சரி. முதல் ஆர்டரிலும் போட்டீர்களா? ரிசோர்ஸ் ஷேரிங் லெவல் இரண்டு பக்கமும் ‘ஷேர்ட்’ என்று இருந்தால்தான் கதவு திறக்கும். முதலாமவர் ‘நான்-ஷேர்ட்’ என்று வாங்கியிருந்தால் வீடு காலியாக இருந்தாலும் அடுத்தவருக்குக் கிடையாது. பிறகு ஏ அண்ட் ஏஐ-யில் முதல் இன்ஸ்டன்ஸின் நிலையைப் பாருங்கள். கட்டி முடித்தும் முடுக்கப்படாமல் நின்றிருந்தால் பல தேடல்கள் அதைக் கணக்கிலேயே எடுக்காது. ஆய்வகத்தில் ரேடியோ சிமுலேட்டர் பதில் அனுப்பாததால் நிலை பாதியில் தொங்குவது சர்வ சாதாரணம். இரண்டு ஆர்டரும் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். அதற்கப்புறம் மேலே சொன்ன சமமா-போதுமா விஷயம், எஸ்-நெசாய் வரிசை.

எல்லாம் சரியாகி மறுபயன்பாடு வேலை செய்யத் தொடங்கியதும் அதோடு ப்ராஜெக்டை முடித்துவிடாதீர்கள். மூன்று ஆர்டரை ஒரே இன்ஸ்டன்ஸில் ஏற்றுங்கள். இரண்டாவதைச் சேர்க்கும்போது வேண்டுமென்றே ஒர்க்ஃப்ளோவைக் கடைசிப் படிக்கு முன்னால் கொன்றுவிடுங்கள். பிறகு முதலாவதையும் மூன்றாவதையும் ரத்து செய்யுங்கள். இரண்டாவது ஆர்டரின் போன் சிமுலேட்டர் பிங் போய்க்கொண்டே இருக்கிறதா, நின்றுவிட்டதா? அந்த நேரத்தின் ஏ அண்ட் ஏஐ பதிவையும் எஸ்எம்எஃப் லாக்கையும் சேர்த்து அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில்தான் இருப்பேன், உட்கார்ந்து பார்க்கலாம்.